ரைபிள் பேரலை மாற்றும் முன்: பாலக்காடு, கோவைப் பக்கம் சுடப் பழகுகிறவர்களுக்கு

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் இருந்து ஐம்பது மீட்டர் .22 (0.22 அங்குல விட்டக் குண்டு) ரைபிளுக்கு மாறியவர்கள், கொஞ்ச நாளில் ஒரு கேள்வியோடு வருவார்கள். "அண்ணா, சேம்பர் வெட்டியே வருதாமே ரெடிமேட் பேரல்? பழசைக் கழட்டிட்டு அதை மாட்டிக்கலாமாமே?" இணையத்தில் அமெரிக்கக்காரர் ஒருவர் தன் வீட்டு மேசையில் அரை மணி நேரத்தில் பேரல் மாற்றுவதைப் பார்த்திருப்பார்கள். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் ஊர் வேறு, சட்டம் வேறு, பெரும்பாலும் அவர் கையில் இருக்கும் ரைபிளும் வேறு. கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ இருந்துகொண்டு இதைச் செய்ய நினைப்பவர் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. பேரல் வாங்குவது அந்த வரிசையில் கடைசியில் வரும்.

முதலில் இது என்ன சமாச்சாரம் என்று புரிந்துகொள்வோம்.

குண்டு பாய்ந்து வெளியேறும் குழாய்தான் பேரல். தோட்டா உட்காரும் அறைதான் சேம்பர். அது தனி உறுப்பு அல்ல, பேரலின் பின்முனையிலேயே குடைந்திருப்பார்கள். பேரலின் பின்முனை, ரைபிளின் நடு உடலான ஆக்‌ஷனில் பொருந்தும், ஆக்‌ஷனுக்குள் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட் முன்னும் பின்னும் ஓடும். போல்ட்டின் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவில் தோட்டாவின் அடிப்பாகம் இடுங்காமல், ஆடாமல் நிற்க வேண்டும். இந்த இடைவெளிக்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். பழைய முறையில் இதைச் சரியாகக் கொண்டுவர, துப்பாக்கியையே பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். ஆசாரி அந்த ஆக்‌ஷனை அளந்து, அதற்கென்றே மரை வெட்டி, சேம்பர் குடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபார்த்துப் பொருத்துவார். இப்போது கணினி இயந்திரத்தில் ஆக்‌ஷன்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத அளவுக்கு வருகின்றன. அதனால் ஆக்‌ஷனைக் கண்ணால் பார்க்காமலேயே, வரைபடத்தில் உள்ள அளவை வைத்து மரையும் சேம்பரும் வெட்டிப் பேரலை அனுப்ப முடிகிறது. ரெடிமேட் பேரல் என்பது இதைத்தான்.

பொருத்தும் முறையில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் பேரலில் ஒரு தோள், அதாவது துருத்திய விளிம்பு, இருக்கும். மரையை முறுக்கினால் தோள் ஆக்‌ஷனில் போய் முட்டி நிற்கும், ஹெட்ஸ்பேஸ் தானாக அமைந்துவிடும். ஆக்‌ஷன் துல்லியமாக இருந்தால் மட்டுமே இதை நம்பலாம். இரண்டாவது வகை நட் போட்டது. பேரலை முறுக்கி, கேஜ் என்னும் அளவு வில்லையை வைத்து இடைவெளியைச் சரிசெய்து, பிறகு நட்டை இறுக்கிப் பூட்டுவார்கள். 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைபிளில் இருந்து இந்த முறை பிரபலம். மூன்றாவதில் மரையே கிடையாது. சிஇசட் 457 ரைபிளில் பேரலை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். ரூகர் 10/22-இல் பேரலைப் பிடிக்கும் ஒரு சின்ன உலோகக் கட்டையும் இரண்டு திருகுகளும். நிறுவனமே மாற்றிக்கொள்ளச் சொல்லி விற்பது இந்த மூன்றாவது வகை.

சரி, அமெரிக்காவில் ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்? அங்கே பலர் சுடுவது 6.5 கிரீட்மோர் போன்ற பெரிய தோட்டா. அதன் வெப்பமும் அழுத்தமும் சேம்பருக்கு முன்னால் உள்ள எஃகை அரித்துவிடும். சில ஆயிரம் தோட்டாவிலேயே பேரலின் கதை முடிந்துபோகும். அவர்களுக்கு அது டயர் மாற்றுவது மாதிரி வழக்கமான செலவு. நம் .22 தோட்டா ஈயக் குண்டு, அழுத்தம் குறைவு, வேகம் ஒலியை விடக் கம்மி, வினாடிக்கு சுமார் 320 முதல் 330 மீட்டர். ஒழுங்காகப் பராமரித்த நல்ல மேட்ச் (போட்டிக்கான) பேரல் பல்லாயிரம் தோட்டாக்களுக்கு உழைக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் ரேஞ்சுக்குப் போகிற ஒருவருக்கு அது தேய்ந்துபோக வாய்ப்பே குறைவு. எனவே "பேரல் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

முதல் படி: குற்றம் பேரலுடையதுதானா?

ஐம்பது மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6. கோட்டைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், குண்டுகளின் மையங்கள் எல்லாம் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் அத்தனையும் பத்து. உங்கள் ரைபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டால் இந்த வட்டத்துக்குள் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. தோளில் வைத்துச் சுட்டுவிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது, உங்கள் பிழையும் அதில் கலந்திருக்கும்.

சோதிக்கும் முன் இரண்டு காரியம். ஆக்‌ஷனைக் தோளில் சாய்க்கும் கட்டையோடு பிடித்திருக்கும் திருகுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். குத்துமதிப்பாக ஆலன் கீயால் இறுக்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழும். பேரல் மேல்தான் பழி போடுவோம்.

இரண்டாவது, சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள். .22-இல் தோட்டா உறையின் வாய் முடியும் இடத்தில், சேம்பருக்குள் ஒரு கரி வளையம் படியும். கல் மாதிரி இறுகிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் பேரல் பளபளவென்று இருக்கும், இது கண்ணில் படாது. புதுத் தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடும்போது வழக்கத்தை விடச் சற்று இறுக்கமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கரி கரைக்கும் திரவத்தைத் துணித்துண்டில் நனைத்து, சேம்பர் முனையில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ் போட்டு எடுக்க வேண்டும். கம்பியைப் பின்பக்கமாக, போர் கைடு (கம்பி பேரலில் உரசாமல் நேராகப் போக வைக்கும் குழல்) வைத்துத்தான் விட வேண்டும். முன்வாயில் இருந்து குத்தினால் குண்டு வெளியேறும் விளிம்பு தேயும். அது தேய்ந்தால் நல்ல பேரலும் கெட்ட பேரல்தான். சுத்தம் செய்த பிறகு முதல் பத்து இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரல் மறுபடி தோட்டாவின் மெழுகு பிடித்து ஒரு நிலைக்கு வரும்வரை குண்டுகள் அலையும்.

இரண்டாம் படி: தோட்டாவை மாற்றிப் பாருங்கள்

பேரல் மாற்ற ஆகும் பணத்தில் சின்னப் பங்கை இங்கே செலவழித்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி நிறம். ஆனால் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மாறினால் குரூப் (குண்டுகள் விழும் கூட்டத்தின் அகலம்) மாறும். ஈலி டெனெக்ஸ், லாபுவா எக்ஸ்-ஆக்ட், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 எதுவானாலும் இதுதான் நிலைமை. பெரிய போட்டியாளர்கள் ரைபிளை எடுத்துக்கொண்டு ஈலியின் பர்மிங்காம் கூடத்துக்கோ, ஜெர்மனியில் ஷோனபெக்கில் உள்ள லாபுவா கூடத்துக்கோ போவது லாட் பார்த்து வாங்கத்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம். கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து, யாரிடம் எந்த லாட் இருக்கிறது என்று பார்த்து, அவரவர் உரிமத்தில் எழுதிய அளவுக்குள் வாங்குவதை வெவ்வேறு லாட்டாக வாங்கினால், எந்த லாட் யார் ரைபிளுக்கு ஒத்துவருகிறது என்று ஒரு பருவத்துக்குள் ஒரு குறிப்பேடு தேறிவிடும்.

லாட்டுக்குப் பத்துப் பத்தாக ஐந்து குரூப் சுடுங்கள். 'அ' லாட்டில் ஐம்பது முடித்துவிட்டு 'ஆ' லாட்டுக்குப் போகாதீர்கள். அ-வில் பத்து, ஆ-வில் பத்து, மறுபடி அ என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். காரணம், காற்று.

பாலக்காட்டுக் கணவாயைப் பற்றி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் திறந்த வாசல். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பனைகளை ஆட்டி எடுக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. பக்கவாட்டில் வினாடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், .22 குண்டு ஐம்பது மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பத்தைக் குறிவைத்தது எட்டுக்கோ ஏழுக்கோ போய்விடும். இந்தக் காற்றில் நின்று பேரலுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. விடிந்து ஒரு மணி நேரம், சீமைக்கருவேல இலை அசையாத பொழுது, அதுதான் சோதனைக்கு ஏற்றது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு துணி நாடா கட்டிவைத்து, அது தொங்கும்போது மட்டும் சுடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் நாலு லாட் மாற்றியும் குரூப் விரிந்தே கிடந்தால், அப்போது பேரலைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாம் படி: காகிதம்

இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குத் தாவ வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளும் அடங்கும். பேரல் வெறும் இரும்புக் குழாய் அல்ல, சட்டத்தின் கண்ணில் அதுவும் ஆயுதம். உரிமம் இல்லாமல் வாங்க முடியாது, விற்க முடியாது, செய்யவும் முடியாது. பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும்கூட உரிமம் பெற்ற கைதான் வேண்டும்.

எல்லைப்புறத்தில் இருக்கிற நமக்கு இதில் மூன்று தனிச் சிக்கல்கள்.

ஒன்று, லேத் பட்டறை. கோவையில் சந்துக்குச் சந்து பட்டறை. பம்பு செட்டும் டெக்ஸ்டைல் பாகமும் மைக்ரான் கணக்கில் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். "நம்ம மாமா பட்டறையிலேயே மரை போட்டுக்கலாம்" என்று யாருக்கும் தோன்றும். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆயுத உரிமம் இல்லாத பட்டறையில் பேரலைக் கடைந்தால் மாமாவும் மருமகனும் சேர்ந்துதான் நீதிமன்றம் போக வேண்டிவரும். பேரலைக் குட்டையாக்குவதற்கென்றே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

இரண்டு, கல்ஃப். பாலக்காட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அங்கே. "மச்சான் லீவுக்கு வர்றார், பெட்டியில வெச்சுக் கொண்டாரச் சொல்லலாம்" என்பது வேண்டவே வேண்டாம். ஆயுதமோ அதன் உறுப்போ நாட்டுக்குள் வர இறக்குமதி உரிமம் வேண்டும். கொச்சியிலோ கோவையிலோ ஸ்கேனரில் பிடிபட்டால் மச்சானின் லீவும் போகும், வேலையும் போகும். முறையான வழி, இறக்குமதி உரிமம் உள்ள டீலர் மூலம், அல்லது தகுதி பெற்ற விளையாட்டு வீரர் என்ற முறையில் தேசிய ரைபிள் சங்கத்தின் பரிந்துரையோடு.

மூன்று, எல்லை. ரைபிள் உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு, பேரல் பொருத்தக் கோவைக்கு ரைபிளை எடுத்துப்போனால், வாளையாற்றைத் தாண்டியதும் அது உரிமமில்லாத துப்பாக்கி. வேலந்தாவளத்தில் பாதி உறவு அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் என்று வாழ்கிற நமக்கு இது விநோதமாகப் படும். காவலருக்கு அப்படிப் படாது. வெளியூர்ப் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்தியா முழுவதற்கும் செல்லும்படி முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மாற்றுப் பேரல் வேறு காலிபராக (குழாயின் உள்விட்டம்) இருந்தால் உரிமத்திலும் அது ஏற வேண்டும். ஒரே காலிபராக இருந்தாலும் பேரலில் எண் பொறித்திருந்தால், டீலரிடம் ரசீது வாங்கி, உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏர் ரைபிளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. 4.5 மில்லிமீட்டர் காலிபரும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ளவற்றுக்கு உரிமம் தேவையில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளை முதலில் அதில் நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: எந்தப் பேரல்

இங்கே அமெரிக்க வீடியோக்கள் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அவர்கள் தொலைநோக்கி வைத்துச் சுடுகிறவர்கள். தொலைநோக்கி ஆக்‌ஷன் மேல் உட்காரும், பேரல் எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. நம் ஒலிம்பிக் வகை ரைபிளில் பின்குறி ஆக்‌ஷனில் இருக்கும், முன்குறி பேரலின் முனையில் இருக்கும். அவர்கள் விற்கும் ரெடிமேட் பேரலில் முன்குறி பொருத்தும் தடம் இருக்காது. இருந்தாலும், பேரலை முறுக்கி இறுக்கியபின் அந்தத் தடம் நேர் மேலே வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் ஒவ்வொரு முறையும் ரைபிளைச் சாய்த்துப் பிடித்துச் சுட வேண்டியிருக்கும். எனவே உங்கள் ரைபிளைச் செய்த நிறுவனமே அந்த மாடலுக்கென்று தரும் பேரலைத்தான் நான் சொல்வேன். மலிவு என்று வேறிடத்தில் வாங்கி, முன்குறிக்குத் தனிப் பட்டை, அதற்குத் தனி வேலை என்று போனால் மிச்சம் எங்கே?

.22-க்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. சில ஆக்‌ஷன்களில் தோட்டாவை இழுக்கும் கொக்கிக்காகப் பேரலின் பின்முகத்தில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தோளோடு வரும் பேரல் முழுதாக இறுகும்போது அந்தப் பள்ளமும் கொக்கிக்கு நேராக வந்து நிற்க வேண்டும். உங்கள் மாடல் அப்படிப்பட்டதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பேரலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் பள்ளக்கோடுகளின் முறுக்கு விகிதத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். .22-இல் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது ஏறக்குறைய எல்லோரும் பின்பற்றுவது. சேம்பர் 'மேட்ச்' வகையா என்று மட்டும் பாருங்கள். அதில் குண்டின் முனை பள்ளக்கோட்டை லேசாகத் தொட்டு உட்காரும்.

ஐந்தாம் படி: பொருத்தும்போது கூடவே நில்லுங்கள்

பொருத்துபவர் உரிமம் பெற்ற ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவர். நீங்கள் வேடிக்கை பார்ப்பவர், ஆனால் கவனமாகப் பார்ப்பவர். ரைபிள் மேசைக்கு வரும் முன் தோட்டாக்கள் அத்தனையும் வேலை நடக்கும் அறையை விட்டே வெளியே போயிருக்க வேண்டும். போல்ட்டைக் கழற்றிப் பேரல் வழியாக வெளிச்சம் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

நீங்கள் விடாமல் கேட்க வேண்டியது கேஜ். .22 தோட்டாவின் அடியில் உள்ள விளிம்புதான் போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவில் சிக்கி நிற்பது. அதற்கான இடைவெளியை இரண்டு எஃகு வில்லைகளால் சோதிப்பார்கள். 'கோ' கேஜ் சுமார் 1.09 மில்லிமீட்டர், அதை வைத்தால் போல்ட் தடையின்றி மூட வேண்டும். 'நோ-கோ' சுமார் 1.17, அதை வைத்தால் மூடக் கூடாது. நடுவில் இருப்பது 0.08 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி கனம். இடைவெளி கூடிவிட்டால், தோட்டாவை வெடிக்க வைக்க போல்ட்டின் ஊசி அடிக்கும் அடியில் பாதி வீணாகும். தோட்டா சில நேரம் வெடிக்கும், சில நேரம் வெடிக்காது. உறை கிழிந்து சூடான வாயு முகத்துக்கும் திரும்பலாம். குறைந்துவிட்டால் போல்ட் விளிம்பை நசுக்கிக்கொண்டு மூடும். மூடும்போதே வெடிக்கிற ஆபத்து அதில்தான். "தோட்டா போட்டுப் பார்த்தேன், மூடுதே, போதும்" என்று யார் சொன்னாலும், எத்தனை வருட அனுபவம் உள்ளவர் சொன்னாலும், கேஜ் வரும்வரை ரைபிளை வாங்காதீர்கள். நிறுவனமே மாற்றச் சொல்லித் தரும் இரண்டு திருகு மாடலிலும் இதே சோதனைதான்.

பிறகு திருகுகள், டார்க் ரெஞ்சால். அப்புறம் போல்ட்டை மெதுவாகப் பலமுறை இழுத்து மூடி, கொக்கி எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி வெறும் சேம்பரின் விளிம்பில் அடித்தால் அங்கே சின்னக் குழி விழும். அதனால் தோட்டா இல்லாமல் வெற்றடி அடித்துப் பார்க்க வேண்டுமானால் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டோ, நைலான் தோட்டா போட்டோ செய்யுங்கள்.

ஆறாம் படி: புதுப் பேரலோடு முதல் மாதம்

பழைய குறி எதுவும் செல்லாது. பத்து மீட்டரில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத் தொடங்கி, குண்டு எங்கே போகிறது என்று தெரிந்தபின் ஐம்பதுக்குப் போங்கள். ஐந்து சுட்டுத் துடை, பத்து சுட்டுத் துடை என்று பெரிய காலிபர்காரர்கள் செய்யும் சடங்கெல்லாம் .22-க்கு வேண்டியதில்லை என்பது என் கருத்து. சில நூறு குண்டுகள் போனால் தானாக நிலைக்கு வரும். அதுவரை லாட் சோதனையைத் தொடங்காதீர்கள். பழைய பேரலுக்குப் பிடித்த லாட் புதியதற்கும் பிடிக்கும் என்று நினைத்து மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். முதல் தோட்டாவில் இருந்து புதுப் பழக்கம்தான்.

மழைக்காலத்தில் ஒரு விஷயம். இடவப்பாதி தொடங்கினால் சித்தூர் பக்கம் சுவரே வியர்க்கும். ரைபிளை அது வந்த நுரைப் பெட்டியிலேயே மூடி வைத்தால், நுரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பேரல் படும் இடத்தில் எல்லாம் துருப் புள்ளி போடும். பூட்டிய எஃகு அலமாரியில் நிமிர்த்தி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள். வெளிப்புறத்துக்குத் துப்பாக்கி எண்ணெய் மெல்லிய பூச்சு. வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் எடுக்கிற பழக்கம் நமக்கு. கதவுக் கீலுக்குச் சரி. போல்ட்டில் விட்டால் நாளடைவில் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும்.

கழற்றிய பழைய பேரலும் ஆயுத உறுப்புதான். பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது, நண்பருக்கு இரவலாகவும் கொடுக்கக் கூடாது. எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி, புதியதன் ரசீதோடு அதே அலமாரியில் வையுங்கள். இல்லை, டீலரிடம் ஒப்படைத்து அதற்கும் ரசீது வாங்குங்கள்.